மொன்செராட்: எரிமலையும் தலைநகரும்

ஆன்டிகுவாவுக்குத் தென்மேற்கே சுமார் 43 கிலோமீட்டர் தொலைவில் கரீபியக் கடலில் இருக்கும் மொன்செராட், பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளில் ஒன்று. நீளம் 16 கிலோமீட்டர், அகலம் 11 கிலோமீட்டர், பரப்பு ஏறத்தாழ 102 சதுரக் கிலோமீட்டர். தீவு முழுவதும் எரிமலைகள் எழுப்பிய நிலம். வடக்கே உள்ள சில்வர் ஹில்ஸ் மிகப் பழையது, மழையில் கரைந்து தாழ்ந்துபோனது. நடுவில் காடடர்ந்த சென்டர் ஹில்ஸ். தெற்கே வயதில் இளையதும் உயரமானதுமான சூஃப்ரியர் ஹில்ஸ். மழையும் விளைச்சல் தரும் மண்ணும் தெற்கில்தான் அதிகம், வடக்கு வறண்டது. அதனால் நெடுங்காலமாக மக்களில் பெரும்பாலோர் வாழ்ந்தது எரிமலையின் அடிவாரத்தில். 1995இல் அது வெடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் தீவின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி மனிதர் வாழ முடியாததாயிற்று. இதை இயற்கைப் பேரிடர் என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வதே வழக்கம். வெடித்தது இயற்கை என்பதில் ஐயமில்லை. இழப்பு எவ்வளவு என்பதைத் தீர்மானித்ததில் மனிதர் எடுத்த முடிவுகளுக்கும் பெரும் பங்கு உண்டு.

1493இல் இந்தத் தீவைக் கடந்து சென்ற கொலம்பஸ், கட்டலோனியாவில் உள்ள ஒரு மடத்தின் பெயரை இதற்கு இட்டார். 1632 முதல் ஆங்கிலேயரும் அயர்லாந்துக் கத்தோலிக்கரும் குடியேறினர். முதலில் புகையிலை, அவுரி, பின்னர் கரும்பு. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1768 மார்ச் 17 அன்று அவர்கள் திட்டமிட்டிருந்த கிளர்ச்சி முன்கூட்டியே வெளியே தெரிந்து நசுக்கப்பட்டது; விடுதலை 1834இல்தான் வந்தது. சர்க்கரை சரிந்தபின் எலுமிச்சைத் தோட்டங்கள் எழுந்தன, எலுமிச்சைச் சாறு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அடுத்து பருத்தி. அதுவும் தளர்ந்தபோது, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் பிழைப்புத் தேடி பிரிட்டனுக்குப் போனார்கள். 1960கள் முதல் வட அமெரிக்கரின் ஓய்வுக்கால வீடுகள், 1979இல் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் திறந்த ஏர் ஒலிப்பதிவுக்கூடம், வெளிநாட்டு மாணவர்களுக்கான மருத்துவக் கல்லூரி என்று புதிய வருவாய்கள் வந்தன. 1980களில் அன்றாட நிர்வாகச் செலவுக்கு லண்டனின் மானியத்தை நம்பியிராத நிலைக்குத் தீவு உயர்ந்திருந்தது. இந்த உண்மையை மறந்துவிட்டு இன்றைய மொன்செராட்டை எடைபோடக் கூடாது.

இத்தனை வருவாய்க்கும் நடுப்புள்ளி மேற்குக் கரையில் இருந்த பிளிமத் நகரம். துறைமுகம், அரசு அலுவலகங்கள், மருத்துவமனை, சந்தை, வங்கிகள் எல்லாம் எரிமலையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் குவிந்திருந்தன. 17ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தைத் தேர்ந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. காற்று மறைவான கரை, கப்பல் நிறுத்த வசதி, பின்னால் வளமான நிலம். ஆனால் 1897–98, 1933–37, 1966–67 என மூன்று முறை எரிமலைக்கு அடியில் தொடர் நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. 1980களின் பிற்பகுதியில் வாட்ஜ், ஐசக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், வெடிப்பு நேர்ந்தால் பிளிமத்துக்கு ஆபத்து என்று வரைபடத்தோடு எச்சரித்தனர். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் தீவின் கட்டடங்களில் பெரும்பாலானவற்றைச் சிதைத்தது. எப்படியும் புதிதாகக் கட்டியாக வேண்டிய நிலையில், முக்கியமானவற்றில் சிலவற்றையாவது வடக்கே மாற்ற அது நல்ல தருணம். ஆனால் புதிய மருத்துவமனையும் அரசுத் தலைமையகமும் மறுபடியும் பிளிமத்திலேயே எழுந்தன.

முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உறங்கிய எரிமலைக்காக ஒரு நகரத்தையே கைவிடச் சொல்வது எப்படி நியாயம் என்று கேட்கலாம். நடந்ததை அறிந்தபின் எதையும் சொல்லிவிடலாம் என்பதும் உண்மை. ஆனால் இங்கே கேட்பது ஊரைக் காலிசெய்யவில்லையே என்பதல்ல. மருத்துவமனை, மின்நிலையம், மாற்றுத் துறை ஆகியவற்றில் ஒன்றிரண்டாவது வடக்கில் இருந்திருந்தால், பின்னால் வந்த துயரம் குறைந்திருக்கும். எச்சரிக்கை கையில் இருந்தது, கட்டுவதற்குப் பணமும் வந்திருந்தது.

1995 ஜூலை 18 அன்று எரிமலை விழித்தது. இதன் குழம்பு கெட்டியானது; ஆறாக ஓடாமல் வாய்மேலேயே குவிமாடமாக எழும். அது சரியும்போது கொதிக்கும் வளியும் சாம்பலும் பாறைகளும் ஒன்றாகக் கலந்து, ஓடித் தப்ப முடியாத வேகத்தில் பள்ளத்தாக்குகளில் பாயும். 1997 ஜூன் 25 அன்று அப்படிப் பாய்ந்த ஓட்டத்தில் 19 பேர் இறந்தனர். விலக்கப்பட்ட பகுதி என்று தெரிந்தும் அங்கே சென்றிருந்தவர்களில் பலர் விவசாயிகள். வடக்கே இடம்பெயர்க்கப்பட்ட அவர்களுக்கு அங்கே போதிய விளைநிலம் கிடைக்கவில்லை, தங்கவைக்கப்பட்ட முகாம்களில் நெருக்கடி. தடையை மீறியது அவர்கள் தவறு என்று சொல்வோர், பயிரை விட்டால் அவர்களுக்கு வேறு என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதே நாளில் கிழக்குக் கரை விமானநிலையமும் செயலிழந்தது. ஆகஸ்டில் பிளிமத் எரிந்தது. பின்னர் சாம்பலும் சேறும் ஏறி, பல கட்டடங்களின் மேல்மாடி மட்டுமே வெளியே தெரிகிறது.

10,000க்கு மேல் இருந்த மக்கள்தொகை இன்று 5,000க்கும் குறைவு. நிர்வாகம் வடக்கே பிரேட்ஸில் நடக்கிறது, 2005இல் புதிய விமானநிலையம் திறக்கப்பட்டது. எரிமலை கொட்டிய மணலை அள்ளி ஏற்றுமதி செய்கிறார்கள், புவிவெப்ப ஆற்றலுக்குக் கிணறுகள் தோண்டியிருக்கிறார்கள். ஆனால் அரசு வரவுசெலவில் பெரும்பகுதியைப் பிரிட்டனே தருகிறது. இத்தனை குறைவான மக்களுக்கு இவ்வளவு செலவா என்ற கேள்வி லண்டனில் பலமுறை எழுந்திருக்கிறது. தன் காலில் நின்ற தீவு, ஆட்சிப்பொறுப்பு பிரிட்டனிடம் இருந்த காலத்தில்தான் தவறான இடத்தில் மறுபடி கட்டப்பட்டது. ஆட்சிப்பகுதிகளின் நியாயமான தேவைகளுக்கே தன் வளர்ச்சி நிதியில் முதலிடம் என்று 1999இல் கொள்கையாக அறிவித்ததும் பிரிட்டன்தான். வடக்கில் முழுமையான துறைமுகமும் மருத்துவமனையும் அமையும்வரை அந்த நிதியை நிறுத்தவோ குறைக்கவோ அதற்கு நியாயம் இல்லை.