சிகிரியாவின் தேனீயும் அதன் உண்ணியும்

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில் நிற்கும் சிகிரியாக் குன்றின் செங்குத்துப் பாறைகளில் மலைத்தேனீ அடை கட்டுகிறது. ஒற்றைப் பேரடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும் இதனைச் சிங்களத்தில் பம்பரா என்பர். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் இந்நாட்டுத் தேனீக்களை மூவகையாகப் பிரித்தார். பம்பரா அவற்றுள் ஒன்று. தேனீக்களின் மேல் வாழும் உண்ணிகள் அறியப்பட்டதோ 20ஆம் நூற்றாண்டில்தான்.

மரப்பொந்திலும் பெட்டியிலும் வாழும் ஆசியத் தேனீயின் உண்ணியை, ஜாவாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு ஔடெமன்ஸ் 1904இல் விவரித்து வரோவா ஜேக்கப்சோனி எனப் பெயரிட்டார். தாய் உண்ணி, மெழுகு மூடப்படும் தறுவாயில் புழுவறைக்குள் நுழைந்து முட்டையிடும். குஞ்சுகள் கூட்டுப்புழுவை உண்டு வளரும். வெளிவரும் தேனீ மெலிந்திருக்கும். உண்ணி கடத்தும் வைரசினால் சிறகு சுருங்கிப் பறக்க இயலாது போவதும் உண்டு.

ஆனால் ஆசியத் தேனீக் கூட்டம் இதனால் அழிவது அரிது. காரணத்தின் ஒரு பகுதி இலங்கையில் புலப்பட்டது. கோனிகர் தம்பதியரும் விஜயகுணசேகரவும் 1981இல் வெளியிட்ட ஆய்வின்படி, இங்கே உண்ணி ஆண் தேனீயின் அறைகளில் மட்டுமே பெருகியது. ஆண் புழுக்கள் வளர்வது சில பருவங்களில்தான். ஆகவே உண்ணியின் பெருக்கமும் அத்துடன் நின்றுவிடுகிறது. தொற்றிய பெண் புழுவைப் பணித்தேனீக்கள் அகற்றிவிடுகின்றன.

மலைத்தேனீயின் உண்ணி வேறு இனம். இலங்கை மலைத்தேனீயில் கண்ட ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய உண்ணிக்கு, 1982இல் கோனிகர்களின் பெயரால் டிராபிலெலாப்ஸ் கோனிகெரம் என்று பெயர் வைக்கப்பட்டது. இவ்வின உண்ணிகளுக்கு உணவு புழுக்களே. வளர்ந்த தேனீயின் உடலில் சில நாட்களே தாக்குப்பிடிக்கும். மலைத்தேனீயோ தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே பருவந்தோறும் இடம்பெயர்வது. அடையைக் கைவிட்டுக் கூட்டம் கிளம்புகையில் புழுவின்றி உண்ணிகளில் பெரும்பாலானவை மடிகின்றன.

இத்தகைய காப்பு ஐரோப்பியத் தேனீக்கு இல்லை. கிழக்காசியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அதன் கூட்டங்களில், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரோவா தொற்றியது. அங்கே பணித்தேனீயின் அறைகளிலும் அது பெருகியதால், மருந்திடாத கூட்டங்கள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் மடிந்தன. இந்த உண்ணி ஜேக்கப்சோனி அன்று, தனி இனம் என ஆண்டர்சனும் ட்ரூமனும் 2000இல் நிறுவி, ‘அழிப்பது’ என்னும் பொருளில் வரோவா டெஸ்ட்ரக்டர் எனப் பெயரிட்டனர். இலங்கையில் பெட்டிகளில் வளர்க்கப்படுவது ஆசியத் தேனீயே. உண்ணியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய இனம் அது.