பத்தடி வளையம்: ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து நந்தனம் வரை

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம்னு சொன்னா சென்னைக்காரங்களுக்கு முதலில் ஞாபகம் வர்றது புத்தகக் காட்சிதான். நானும் அப்படித்தான். பல வருஷம் அங்கே போய் பை நிறைய புத்தகம் வாங்கி, டெல்லி அப்பளம் தின்னுட்டு வந்திருக்கேன். நகரத்தின் நட்டநடுவில் இவ்வளவு பெரிய இடம் எதுக்கு சும்மா கிடக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்லை. போன கோடை விடுமுறையில் என் பொண்ணை (11 வயசு) பேஸ்கட்பால் பயிற்சிக்குச் சேர்த்த பிறகுதான் அந்தக் கேள்வியே வந்தது.

முதல் வாரம் வேலியோரம் நின்னு பார்த்தேன். பிள்ளைகள் பந்தை இடுப்புக்குக் கீழே இறக்கி, இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் மேலே தள்றாங்க, அம்மி தூக்குற மாதிரி. பாதி பந்து வளையத்தைத் தொடவே இல்லை. பயிற்சியாளர், "மணிக்கட்டைப் பயன்படுத்து, முழங்கையை உள்ளே வை"ன்னு கத்திக்கிட்டே இருக்கார். அவர் சொல்றது சரிதான். ஆனா அந்த உயரத்துக்கு அந்தப் பிள்ளைகளால் மணிக்கட்டால் எறிய முடியாது. வளையம் 10 அடி, அதாவது 3.05 மீட்டர். ஏன் 10 அடி? மென்பொருள் வேலையில் பழைய நிரலில் ஒரு விசித்திரமான எண்ணைப் பார்த்தா, "யார் வெச்சது, எதுக்கு வெச்சது"ன்னு தோண்டுற புத்தி எனக்கு உண்டு. இங்கேயும் தோண்டினேன்.

1891 டிசம்பர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே பனி. உள்ளே 18 மாணவர்கள் கொண்ட அடங்காத வகுப்பு ஒண்ணு. அதைச் சமாளிக்க ஒரு புது உள்ளரங்க ஆட்டம் கண்டுபிடின்னு லூதர் குலிக் என்ற துறைத் தலைவர், ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்காரரிடம் சொல்கிறார். கெடு இரண்டு வாரம். நைஸ்மித் 13 விதிகள் எழுதினார். பள்ளிக் காவலாளியிடம் இரண்டு பெட்டி கேட்டார். அவர் பீச் பழக் கூடைகளைக் கொண்டுவந்தார். அந்தக் கூடத்தைச் சுற்றி மாடத்துக் கைப்பிடிச் சுவர் ஒண்ணு ஓடியது. கூடையை ஆணி அடிக்கத் தோதான இடம் அதுதான். அதன் உயரம் 10 அடி. அவ்வளவுதான் விஷயம்! ஒரு கட்டடத்தின் மாடம் எந்த உயரத்தில் இருந்ததோ அதுவே உலகத்துக்கு விதியாகிப் போச்சு. வளர்ந்த வாலிபர்களுக்கு அது பொருந்தியது. மயிலாப்பூரில் ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையை மனசில் வெச்சு யாரும் அளக்கவில்லை.

முதல் ஆட்டம் பக்கத்துக்கு ஒன்பது பேராக நடந்து 1-0 என்று முடிந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது அப்போது கிடையாது. பந்து கையில் இருந்தால் நின்ன இடத்திலிருந்து இன்னொருத்தருக்கு எறியணும். இப்போ நம்ம பிள்ளைகள் முதலில் கத்துக்க ஆசைப்படுறது தட்டுறதைத்தான், கடைசியாகக் கத்துக்கிறது எறிஞ்சு கொடுப்பதை. ஆட்டம் பிறந்ததோ நேர் எதிர் வரிசையில்.

அன்றைய இரண்டு அணித் தலைவர்களில் ஒருவர் டங்கன் பேட்டன். பேஸ்கட்பாலை 1894-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுபவர் இவர்தான். ஆட்டம் கண்டுபிடிச்சு மூணு வருஷத்துக்குள்ளே முதல் ஆட்டத்தில் ஆடியவரே இங்கே வந்துட்டார்! ஆனா ஒரு ஆள் வந்து சொல்லிக்கொடுப்பதால் மட்டும் ஒரு ஆட்டம் ஊர் முழுக்கப் பரவிடாது. சொல்லிக்கொடுக்கிறவர்களை உருவாக்க ஒரு ஆலை வேணும். அது நமக்கு நந்தனத்தில் கிடைத்தது.

ஹாரி குரோ பக், பென்சில்வேனியாக்காரர், அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர். 1919-ல் மெட்ராஸ் வந்தார். 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். கல்லூரி பிறகு சைதாப்பேட்டைப் பக்கம் இன்றைய வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. நம்ம புத்தகக் காட்சி மைதானம் அந்த வளாகம்தான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகப் போனவரும் பக்தான். 1943-ல் இதே ஊரில் இறந்துபோனார். அவர் தொகுத்த 'ரூல்ஸ் ஆஃப் கேம்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ்' என்ற விதிப் புத்தகம் ரொம்ப காலம் இந்திய உடற்கல்வி ஆசிரியர்களின் கையில் இருந்தது.

ஒய்.எம்.சி.ஏ.வின் நோக்கத்தில் மதமும் இருந்தது, காலனிய காலத்து "உள்ளூர் உடம்பைத் திருத்துவோம்" என்ற தொனியும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பக் பதக்கம் வாங்குற வீரர்களை உருவாக்க ஒரு கூடம் கட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் எல்லாப் பிள்ளையையும் ஓடவிடுகிற வாத்தியார்களை உருவாக்கக் கல்லூரி கட்டினார். நாம டிரில் மாஸ்டர்னும் பி.டி. மாஸ்டர்னும் கூப்பிட்டோமே, அந்த மனுஷரின் பூர்வீகம் இது. தமிழ்நாட்டில் சின்ன ஊர்ப் பள்ளிகளில்கூட மண் தரையில் இரண்டு கம்பம் நட்டு ஒரு வளையம் தொங்குதுன்னா, அதுக்குப் பின்னால் இந்த வாத்தியார் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டுன்னு நான் நினைக்கிறேன்.

பயிற்சியாளர், அதாவது கோச், வேறொரு பரம்பரை. நைஸ்மித்துக்கே இதில் நம்பிக்கை இல்லை. அவருடைய மாணவர் ஃபாக் ஆலன் ஒரு கல்லூரிக்குப் பயிற்சியாளராகப் போறேன்னு சொன்னப்போ, "இதைச் சொல்லிக்கொடுக்க முடியாதப்பா, ஆடத்தான் முடியும்"னு நைஸ்மித் சிரிச்சதாக ஒரு கதை உண்டு. கான்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக வைத்திருக்கும் ஒரே ஆள் ஆட்டத்தைக் கண்டுபிடிச்ச நைஸ்மித்தேதான்: 55 வெற்றி, 60 தோல்வி. ஆலன்தான் பின்னால் பேஸ்கட்பால் பயிற்சியின் தந்தை ஆனார்.

இந்தியாவில் இந்த இரண்டாவது பரம்பரை அரசாங்கம் வழியாக வந்தது. 1953-ல் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பயிற்சித் திட்டம், 1961-ல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம். அங்கே படிச்சு வர்றவர் 'கோச்'. அவருடைய வேலை தேர்ந்தெடுப்பது, கூர்தீட்டுவது, ஜெயிக்க வைப்பது. தமிழ்நாட்டில் 1992-ல் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வந்தது. விளையாட்டு விடுதிகளும் இந்த வரிசையில்தான் சேரும். இரண்டு பேரும் வேணும். ஆனா 1980களின் கடைசியிலும் 90களிலும் நான் படிச்ச பள்ளியில் (பெயர் வேண்டாம்) இரண்டு பேருமே எனக்குக் கிடைக்கலை. பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்குவார். மிச்சம் கிடைச்ச நாளில் மாஸ்டர் பந்தை உள்ளே போட்டுட்டு, குறுவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்க உயரமான பசங்களைத் தனியா நிறுத்துவார். நான் குள்ளம். அதோட முடிஞ்சது என் பேஸ்கட்பால்.

அந்த உயரக் கணக்கு எவ்வளவு தப்புன்னு இப்போ புரியுது. 12 வயசில் உயரமா இருக்கிறவன் சீக்கிரம் வளர்ந்தவனாக இருக்கலாம். 17-ல் யார் எங்கே நிப்பாங்கன்னு சொல்ல முடியாது. இதுக்கு மாற்று யோசிச்சவங்க உண்டு. 1950களின் தொடக்கத்தில், பக் பிறந்த அதே பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் ஊரில், ஜே ஆர்ச்சர் என்பவர் சின்னப் பிள்ளைகளுக்காக வளையத்தை இறக்கி, பந்தையும் சின்னதாக்கினார். அதுதான் இன்றைய மினி பேஸ்கட்பால். வளையம் 2.60 மீட்டர், பந்து 5-ஆம் எண். பெரியவங்க பந்து 600 கிராம் அளவில் இருக்கும். இது 500-ஐத் தாண்டாது. 45 சென்டிமீட்டர் இறக்கினால் பிள்ளை பந்தை நெற்றிக்கு மேலே வைத்தே எறிய முடியும். இறக்காவிட்டால் இடுப்பிலிருந்து தள்ளும். அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிப் போச்சுன்னா, 15 வயசில் எதிரணிக்காரி ஒருத்தி முன்னால் கை தூக்கி நிக்கும்போது பந்து அவள் கையில்தான் போய் முட்டும். பிறகு அதை மாத்த இரண்டு வருஷம் போகும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு தகவல். ஆட்டம் பிறந்த அடுத்த வருஷமே, பக்கத்து ஊர் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சுட்டார். களத்தை மூணாப் பிரிச்சு, ஒரு பகுதியில் நிக்கிறவங்க அடுத்த பகுதிக்குப் போகக் கூடாதுன்னு விதி. அதிகமா ஓடினா பெண்களுக்கு ஆகாதுன்னு அந்தக் காலத்து நம்பிக்கை. நம்ம சென்னையின் அனிதா பால்துரையை நினைச்சுக்கிட்டேன். குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து, 2017-ல் பெங்களூருவில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவை இந்தியாவுக்கு ஜெயிச்சுக் கொடுத்த அணியின் தலைவி. 2021-ல் பத்மஸ்ரீ.

2013-ல் என்பிஏ இந்தியாவில் ஜூனியர் திட்டம் ஆரம்பிச்சப்போ அவங்களும் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்குத்தான் பயிற்சி கொடுத்தாங்க. பக் 1920-ல் தட்டிய அதே கதவு.

ஒரு மாசம் கழிச்சு, பயிற்சி முடிஞ்சு தண்ணி குடிச்சிட்டிருந்த கோச்சிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "சார், சின்னப் பிள்ளைங்களுக்கு வளையத்தை இறக்க முடியாதா?" அவர் கோபப்படலை. "எனக்கும் தெரியும் சார். ஆனா போஸ்ட்ல வெல்டிங் பண்ணிட்டாங்க. தவிர, இறக்கினா அப்பா அம்மாவே ஒத்துக்க மாட்டாங்க. 'மேட்ச்ல இந்த உயரம் இல்லையே, என் பிள்ளையை ஏன் ஏமாத்துறீங்க'ன்னு கேப்பாங்க. பாதிப் பேர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்காகத்தான் அனுப்புறாங்க."

அதில் நானும் உண்டுதான். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு எப்படின்னு முதல் வாரமே கூகுளில் தேடிப் பார்த்தவன் நான்.

அந்த ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மென்ட் கார் நிறுத்துற இடத்தில், பொண்ணோட பழைய சைக்கிள் ரிம்மை ஒரு தூணில் கட்டினேன். டேப் வெச்சு அளந்து, தரையிலிருந்து 8 அடி 6 அங்குலம். முதல் பத்தில் மூணு உள்ளே விழுந்தது. அசோசியேஷன் செயலாளர் மாமா மேலேருந்து எட்டிப் பார்த்து, "கார் கண்ணாடி உடைஞ்சா யார் பொறுப்பு?"ன்னார். நான்தான் மாமா, ன்னேன். பொண்ணு அதுக்குள்ளே அடுத்த பந்தை நெற்றிக்கு மேலே தூக்கியிருந்தா.