வாய்க்கால் தண்ணீரில் "கொஞ்சம்" என்பது எவ்வளவு?



சிறுபோகம் தொடங்கினால் நமது வட்டைகளில் வாய்க்கால் பிணக்கும் தொடங்கிவிடும். "கொஞ்சம்தானே திறந்தேன்" என்பார் மேல் வயல்காரர். கடைசி வயல்காரருக்கோ அந்தக் கொஞ்சத்தில்தான் முழுப் போகமும் இருக்கிறது. அந்தக் "கொஞ்சத்தை" அளக்க மனிதர்கள் பட்ட பாடு ஒரு நீண்ட வரலாறு. அதில் நமது மாவட்டத்துக்கும் இடம் இருப்பதால் இதை எழுதுகிறோம்.

மதீனாவில் மஹ்ஸூர் ஓடை நீர் பற்றி நபி (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பு ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. மேல் நிலத்தார் கணுக்கால் உயரம் வரை நீரைத் தேக்கிக்கொண்டு, பிறகு கீழ் நிலத்தாருக்கு விட்டுவிட வேண்டும். கணுக்கால்தான் அங்கே அளவுகோல். அதை யாரும் பார்த்துச் சரிபிழை சொல்லலாம்.

பெருங்குளத்திலிருந்து சீறிவரும் நீரை அடக்குவது வேறு வேலை. ரஜரட்டைக் குளங்களைக் கட்டியவர்கள் அதற்காக அணைக்கட்டுக்குள் கல்லால் ஒரு சதுரக் கிணறு அமைத்தார்கள். "பிசோ கொட்டுவ" என்பது அதன் பெயர். நீர் அதற்குள் விழுந்து வேகம் தணிந்த பிறகே வாய்க்காலுக்குப் போகும். திறப்பதும் மூடுவதும் அங்கேயே. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர், 1909 இல் வெளியான தமது நூலில், பிற்கால வால்வுக் கோபுரங்களுக்கு இதையே முன்னோடியாகக் கண்டார்.

ஓடும் நீரின் அளவைச் சொல்லும் வழியை அமெரிக்காவின் லோவெல் நகரில் ஜேம்ஸ் பிரான்சிஸ் சோதித்து 1855 இல் வெளியிட்டார். நீரை ஒரு நேரான விளிம்பின் மேலால் வழியவிட்டு, விளிம்புக்கு மேலே நீர் நிற்கும் உயரத்தை அளந்தால் போதும், ஓடும் அளவு கணக்கில் வந்துவிடும். இங்கேதான் நமது கண் ஏமாறுகிறது. நாலு விரல் உயரம் எட்டு விரலானால், பாயும் நீர் இரண்டு மடங்காவதில்லை, ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. அந்த விளிம்பில் ஒரு பலகையோ மண்மூட்டையோ வைத்தால் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். 1920களில் கொலராடோவில் ரால்ப் பார்ஷல், வாய்க்காலின் நடுவே இடுக்கிய ஒரு தொட்டியை வடிவமைத்தார். அதில் வண்டல் தங்குவது குறைவு. ஓர் இடத்தில் அளவுகோலைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

இனி நமது பட்டிப்பளை ஆற்றுக்கு வருவோம். கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கி, இங்கினியாகலையில் ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் உருவானது. முப்பது வருடங்களுக்குள் இடதுகரை வாய்க்கால்கள் பல தூர்ந்து, கதவுகள் உடைந்து கிடந்தன. கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. அதிகாரிகள் விவசாயிகளைக் குறை சொன்னார்கள், விவசாயிகள் அதிகாரிகளைக் குறை சொன்னார்கள்.

1981 இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் அமைப்பாளர்களை விவசாயிகளோடு தங்கி வேலை செய்ய அனுப்பின. அவ்வருடம் குளத்தில் நீர் மிகக் குறைவு. இருந்தும் விவசாயிகள் கூடிப் பேசி வாய்க்கால்களைத் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துப் பாய்ச்சினார்கள், மிச்சம் பிடித்த நீரைக் கீழே அனுப்பினார்கள். மேற்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகளும் இருந்தார்கள். உடைந்த கதவுகள் திருத்தப்படும் முன்பே இது நடந்தது. அந்த அனுபவத்தை நோர்மன் அப்ஹொஃப் பின்னர் ஒரு நூலாகவே எழுதினார்.

ஆகவே, அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்கு முன் நமது வாய்க்கால் தலைப்பிலுள்ள அளவுகோலில் படிந்த பாசியைச் சுரண்டுவோம். காலையும் மாலையும் அதன் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதுவோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே அதைச் செய்வார்கள். அந்தக் கொப்பி வட்டைவிதானையாரிடம் மட்டும் இருக்க வேண்டாம். கடைசி வயல்காரரும் கேட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.