பதப்படுத்திய பாலும் குழந்தைகளின் ஸ்கர்வி நோயும்

பாலைக் கொதிநிலைக்குக் கீழான வெப்பத்தில் குறிப்பிட்ட நேரம் வைத்து, நோய்க்கிருமிகளை அழித்து, உடனே குளிரச் செய்வது பாஸ்டர் முறை எனப்படும். பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1860களில் திராட்சை மது கெடாமலிருக்க இம்முறையைக் கையாண்டார். பாலுக்கு இது பின்னரே வந்தது. பதப்படுத்திய பால் சத்துக் குறைந்ததா என்ற கேள்வியும் அதனுடனேயே வந்தது. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இக்கேள்வி குழந்தைகளின் உயிர் தொடர்பானதாக இருந்தது.

நகரத்துப் பால்

19ஆம் நூற்றாண்டில் நியூயார்க்கின் சாராய ஆலைகளை ஒட்டிய கொட்டில்களில் மாடுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டு, ஆலைக் கழிவே தீவனமாக அளிக்கப்பட்டது. 1858இல் பிராங்க் லெஸ்லியின் வார இதழ் இதைப் படங்களுடன் அம்பலப்படுத்தியது. பின்னர் கிராமங்களிலிருந்து ரயிலில் பால் வந்தபோதும், போதிய குளிர்ச்சியின்றி கோடையில் கிருமிகள் பெருகின. காசநோய், டைபாய்டு, வயிற்றுப்போக்கு ஆகியவை பால் வழியாகப் பரவின. வயிற்றுப்போக்கால் கைக்குழந்தைகள் பெருமளவில் இறந்தனர்.

இரு வழிகள்

1893இல் நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகர மருத்துவர் ஹென்றி காய்ட், மருத்துவக் குழுவின் மேற்பார்வையில் தூய்மையாகக் கறக்கப்படும் பச்சைப்பாலுக்குச் சான்றளிக்கும் முறையைத் தொடங்கினார். அப்பால் நல்லதாயினும் விலை அதிகம். ஏழைகளுக்கு எட்டவில்லை.

அதே ஆண்டில் வணிகர் நேதன் ஸ்ட்ராஸ் நியூயார்க்கில் பதப்படுத்திய பாலைக் குறைந்த விலைக்குத் தரும் நிலையத்தைத் திறந்தார். ராண்டல்ஸ் தீவிலிருந்த ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் 1897இல் இறப்பு விகிதம் 40 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. அவர் அங்கு பதப்படுத்தும் கருவியை அமைத்த பின், 1898இல் அது ஏறக்குறைய 20 விழுக்காடாகக் குறைந்தது.

ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. வெப்பம் சத்தை அழிக்கும் என்றும், அழுக்கான பாலைச் சூடாக்கி விற்க இது வழிசெய்யும் என்றும் கூறப்பட்டது.

எதிர்ப்பிலிருந்த உண்மை

முதல் வாதத்தைப் புறந்தள்ள முடியவில்லை. ஈறு வீங்கி, எலும்பு உறைக்கடியில் இரத்தம் கசியும் குழந்தை ஸ்கர்வி நோயை 1883இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் பார்லோ விவரித்திருந்தார். 1910களில் நியூயார்க் மருத்துவர் ஆல்ஃபிரட் ஹெஸ், பதப்படுத்திய பாலை மட்டுமே உண்டு வளர்ந்த குழந்தைகளிடம் இந்நோயைக் கண்டார். ஆரஞ்சுச் சாறு அதைக் குணப்படுத்தியது. காரணம் வைட்டமின் சி குறைபாடு. அந்த வைட்டமின் இன்னதென அடையாளம் காணப்பட்டது 1932இல்தான். பசும்பாலில் இயல்பாகவே சிறிதளவே உள்ள இது, சூடாக்கும்போது மேலும் குறைகிறது.

இதற்காகப் பச்சைப்பாலுக்குத் திரும்பியிருந்தால் காசநோயும் டைபாய்டும் திரும்பியிருக்கும். மருத்துவர்கள் பதப்படுத்திய பாலைத் தொடரச் செய்து, கூடவே பழச்சாறு கொடுக்கச் சொன்னார்கள். 1908இல் சிகாகோ நகரம் பால் பதப்படுத்தலைச் சட்டமாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க்கும் அவ்வழியில் சென்றது.

இன்றைய நிலை

இன்று பாலை 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமோ, 72 டிகிரியில் 15 விநாடியோ சூடாக்குகின்றனர். புரதமும் கால்சியமும் பெரிதும் மாறுவதில்லை. வைட்டமின் சி, பி வகைகளில் சில ஆகியவை ஓரளவு குறைகின்றன. காய்கனி உண்பவருக்கு இவ்விழப்பு பொருட்டன்று. பால் மட்டுமே உணவான குழந்தைக்கு அன்று அது நோயானது. மறுபுறம், 1930களில் அமெரிக்காவில் ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்கப் பாலில் வைட்டமின் டி சேர்க்கப்பட்டது. பதப்படுத்தல் சத்தைக் குறைத்ததும் உண்டு, கூட்டியதும் உண்டு. எனவே ஓர் உணவு பதப்படுத்தப்பட்டது என்பதை மட்டும் வைத்து அதை நல்லதென்றோ கெட்டதென்றோ கூற இயலாது. அதிலிருந்து எது நீங்கியது, எது சேர்ந்தது, அதனுடன் வேறு என்ன உண்கிறோம் என்பவற்றையும் பார்க்க வேண்டும்.