ஊராட்சிக்கு வந்த டெண்டர் சட்டம்: ஒரு விளக்கவுரை

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2000இல் வந்தன. கோட்டையில் இருக்கும் துறைக்கும் கடைக்கோடி ஊராட்சிக்கும் ஒரே சட்டம். அதன் சில இடங்களை ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்கலாம்.

டெண்டர் இல்லாமல் கொள்முதல் இல்லை என்பது அடிப்படை. விலக்குகளைப் பிரிவு 16 சொல்கிறது: இயற்கைப் பேரிடர், ஒரே இடத்தில் மட்டும் கிடைக்கும் பொருள், குறிப்பிட்ட தொகைக்குள் அடங்கும் கொள்முதல். சிக்கல் கடைசி விலக்கில்தான். ஒரே தெருவின் சிமென்ட் சாலையை மூன்று துண்டாக்கி மூன்று மதிப்பீடு போட்டால், ஒவ்வொன்றும் வரம்புக்குள் அடங்கிவிடும். தாள்களைத் தனித்தனியே பார்த்தால் குற்றம் தெரியாது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறவர் வேண்டும்.

இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிக்கு ஒப்பந்தப்புள்ளி தர 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. மேலதிகாரி காரணத்தை எழுதிவைத்துக் குறைக்கலாம். நிதியாண்டு முடியப்போகும் மார்ச் மாதத்தில் இந்த விதிவிலக்கே வழக்கமாகிறது. நிதி தாமதமாக வருவது ஊராட்சியின் பிழையல்ல; ஆனால் அவகாசம் குறைந்தால் வெளியூர் ஒப்பந்ததாரருக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் கடைசி நாள் கடந்துவிடும்.

பிரிவு 10தான் சட்டத்தின் உயிர். முன்கூட்டியே அறிவித்த அளவுகோல்களால் மதிப்பிட்டு, குறைந்த புள்ளியை ஏற்க வேண்டும் என்கிறது. போட்டி உண்மையாக இருந்தால் இதைவிட நல்ல விதி இல்லை. மூன்று உறைகளைப் பிரிக்கும்போது முன்வைப்புத் தொகைக்கான மூன்று வரைவோலைகளும் ஒரே வங்கிக் கிளையில், ஒரே நாளில், அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டிருந்தால்? மூவரும் பேசிவைத்துக்கொண்டு வந்தவர்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஆனாலும் ஒப்பீட்டுப் பட்டியலில் மூன்று பெயரும் மூன்று தொகையும் ஒழுங்காக ஏறிவிடும். தட்டிக்கேட்க வேண்டியவர் யார்? ஊராட்சியின் செயல் அதிகாரி தலைவரே. மதிப்பீடு போடுவதும் அளவீட்டுப் புத்தகம் எழுதுவதும் ஊராட்சி ஒன்றியத்துப் பொறியாளரும் ஓவர்சியரும். அந்த ஓவர்சியர் கையில் பல ஊராட்சிகளின் வேலை. எழுத்து வேலை முழுதும் ஊராட்சிச் செயலர் தலையில். முதல்முறை பதவிக்கு வந்த தலைவருக்கு இந்தச் சட்டத்தை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை என்பதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். சட்டம் எதிர்பார்க்கும் நடுநிலை மதிப்பீட்டுக்கு ஆளும் வேண்டும், பயிற்சியும் வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்கிறது பிரிவு 11. உரிமை நல்லதுதான். ஆனால் சில லட்ச ரூபாய்ச் சாக்கடை வேலைக்காகச் சிறு ஒப்பந்ததாரர் சென்னை வரை போவாரா? போனால் அடுத்த வேலை கிடைக்குமா? மாவட்ட அளவிலேயே முறையிட வழி செய்ய வேண்டும்.

அதுவரை ஊர் மக்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் உங்கள் தெரு வேலைக்கு டெண்டர் அறிவிப்பு எந்தத் தேதியில் வந்தது, எத்தனை பேர் புள்ளி கொடுத்தார்கள், வேலை எத்தனை துண்டாகப் பிரிக்கப்பட்டது என்று கேளுங்கள். கேட்டதையும் கிடைத்த பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.