ரியூகான்: வெயிலை இறக்கிய ஊர்

நார்வேயின் தெற்கில், அருவி தரும் நீர்மின்சாரத்தைக் கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்குவதற்காக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் குறுகிய பள்ளத்தாக்கொன்றின் அடியில் எழுப்பிய ரியூகான் நகரில், செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை வெயில் படுவதில்லை. சுற்றியுள்ள மலைகள் தாழ்ந்து செல்லும் சூரியனை மறைத்துவிடுகின்றன. தொழிலாளர்களுக்கு ஊதியமும் வீடும் தந்த அந்நிறுவனத்தால் வெயிலைத் தர இயலவில்லை. எனவே 1928இல் குரோசோபானென் என்னும் கம்பிவட ஊர்தியை அமைத்து, மக்கள் மேலேறிச் சென்று சூரியனைக் காண வழிசெய்தது. ஒளியின்மை மனிதரை வாட்டும் என்பதை உணர்ந்த இந்த ஏற்பாடு, மருத்துவம் அவ்வாட்டத்திற்குப் பெயர் சூட்டுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது என்பது போற்றத்தக்கது.

குளிர்காலத்தில் மிகுதூக்கம், மாவுப்பண்டங்களில் வேட்கை, எதிலும் பற்றின்மை ஆகியவற்றுடன் தோன்றி வேனிலில் மறையும் நோயை, 1984இல் நார்மன் ரோசென்தாலும் உடன் ஆய்வாளர்களும் பருவகால மனச்சோர்வு என்று விவரித்து, செறிந்த செயற்கை ஒளியால் அதைத் தணிக்க முயன்றனர். பகலொளி குறையும்போது உடலின் உள்கடிகாரம், அதாவது உறக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் தாளம், பிறழ்வது இதற்கொரு காரணமாகக் கருதப்படுகிறது.

ரியூகானில் 1913இலேயே முன்மொழியப்பட்ட கண்ணாடித் திட்டம் 2013 அக்டோபரில்தான் நிறைவேறியது: ஊருக்கு ஏறத்தாழ 450 மீட்டர் மேலே, கணினியின் துணையால் சூரியனைத் தொடர்ந்து திரும்பும் 3 பெருங்கண்ணாடிகள், நகரச் சதுக்கத்தில் குளிர்கால வெயிலை இறக்குகின்றன.