உறிஞ்சுவாய்க் கெளுத்தி

உறிஞ்சுவாய்க் கெளுத்தி என்பது தென் அமெரிக்காவின் நன்னீர் நிலைகளைத் தாயகமாகக் கொண்ட, உடல் எலும்புத் தகடுகளால் மூடப்பட்ட ஒரு கெளுத்தி மீன் ஆகும். இது லோரிக்காரிடே குடும்பத்தில் டெரிகோப்ளிக்திஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அழகுமீன் கடைகளில் "டேங்க் கிளீனர்", "சக்கர்", "பிளேக்கோ" ஆகிய பெயர்களில் விற்கப்படுகின்றது. விரல் நீளக் குஞ்சாக வாங்கப்படும் இம்மீன் 40 செ.மீ.க்கு மேல் வளரக்கூடியது. 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. வளர்ந்தபின் தன் இடத்திற்காகச் சண்டையிடும் இயல்புடையது. ஆகையால் சிறிய வீட்டுத் தொட்டிகளுக்கு இது ஏற்ற மீன் அன்று.

பெயர்

"பிளேக்கோ" என்பது பிளெக்கோஸ்டோமஸ் என்பதன் சுருக்கம். மடிப்புடைய வாய் என்பது இதன் பொருள். 1758-இல் லின்னேயஸ் இப்பெயரை இட்டபோது, கவசத் தகடுகளைக் கொண்டு இதனை ஸ்டர்ஜன் மீன்களின் பேரினத்தில் சேர்த்துவிட்டார். அந்த மீன் இன்று ஹைப்போஸ்டோமஸ் பிளெக்கோஸ்டோமஸ் என அழைக்கப்படுகின்றது. ஆனால் கடைகளில் இப்பெயரால் விற்கப்படுபவை பெரும்பாலும் டெரிகோப்ளிக்திஸ் மீன்களே. முதுகுத் துடுப்பை விரித்து எண்ணினால் வேறுபாடு தெரியும்: ஹைப்போஸ்டோமஸில் முன்முள் நீங்கலாக வழக்கமாக 7 கதிர்களும், டெரிகோப்ளிக்திஸில் பெரும்பாலும் 10 அல்லது அதற்கு மேற்பட்ட கதிர்களும் இருக்கும்.

உடலமைப்பு

தலையும் முதுகும் பக்கங்களும் வரிசையான எலும்புத் தகடுகளால் ஆனவை. வாய் தலையின் அடிப்புறத்தில் வட்டமான உறிஞ்சியாக அமைந்துள்ளது. இதனால் ஓடும் நீரிலும் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்ன முடிகின்றது. மார்புத் துடுப்பின் முன்முள் தடித்தும் சொரசொரப்பாகவும் இருக்கும். பிடிக்கும்போது அதனை விறைப்பாக நிறுத்தி, கரகரவென்று ஒலி எழுப்பும். நீரில் ஆக்சிசன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பையின் வழியாகச் சுவாசிக்கின்றது. பிற மீன்கள் இறக்கும் கெட்ட நீரிலும் இது பிழைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

தொட்டியில் வளர்த்தல்

இம்மீன் தொட்டியைத் துப்புரவு செய்யும் என்பது பாதி உண்மையே. குஞ்சுகள் கண்ணாடியில் படரும் பாசியை ஓரளவு தின்கின்றன. மற்ற மீன்களின் கழிவை இவை தின்று தீர்ப்பதில்லை. மாறாக, நீண்ட குடலைக் கொண்ட தாவர உண்ணியான இம்மீன் ஏராளமான கழிவை வெளியேற்றுகின்றது. வளர்ந்த மீன் ஒன்று உள்ள தொட்டியில் அமோனியாவும் நைட்ரேட்டும் விரைவில் கூடும். நீரைத் தூய்மைப்படுத்துவதற்காக வாங்கிய மீனுக்கென்றே பெரிய வடிகட்டி வாங்க வேண்டி வருகின்றது.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இரண்டடித் தொட்டி (2 x 1 x 1 அடி) சுமார் 57 லிட்டர் மட்டுமே கொள்ளும். அதன் அகலம் 30 செ.மீ. என்பதால் 40 செ.மீ. மீன் அதில் திரும்பக்கூட இயலாது. வளர்ந்த ஒரு மீனுக்கு 6 x 2 x 2 அடி, அதாவது ஏறத்தாழ 680 லிட்டர் தொட்டியாவது தேவை. வெப்பநிலை 23 முதல் 28 பாகை செல்சியசு வரை இருப்பது நலம். பகலில் ஒளிந்துகொள்ளக் குகை போன்ற மறைவிடமும், சுரண்டுவதற்கு ஊறிய மரக்கட்டையும் வைத்தல் வேண்டும். நட்ட செடிகளைப் பிடுங்கிவிடும்.

பாசி மட்டும் போதாது. மூழ்கும் வில்லை உணவு, லேசாக வெந்த வெள்ளரி, பூசணி, சுரைக்காய், கீரை ஆகியவற்றை விளக்கை அணைத்த பின்னர் இடலாம். வயிறு உட்குழிந்து கண்கள் குழிவிழுந்து காணப்பட்டால் மீன் பட்டினி கிடக்கின்றது என அறியலாம். வலையில் பிடிப்பதைத் தவிர்க்க வேண்டும். முட்கள் வலையில் சிக்கி மீனும் காயப்படும். பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டு நீரோடு முகந்தெடுப்பதே நல்லது.

சண்டைக் குணம்

குஞ்சுப் பருவத்தில் சாதுவாக இருப்பதால் இக்குணம் பலருக்கும் தெரிவதில்லை. வளர்ந்த மீன் தன் மறைவிடத்தையும் உணவையும் காக்கும். தன் இனத்தையும் தன்னைப் போன்ற உடலமைப்புள்ள மீன்களையும் விரட்டி, வாலாலும் முட்களாலும் தாக்கும். எனவே ஒரு தொட்டிக்கு ஒன்று என்பதே பாதுகாப்பானது. டிஸ்கஸ், பொன்மீன் போன்ற மெதுவாக நீந்தும் தட்டையான அல்லது பருத்த மீன்களின் பக்கங்களில் இரவில் ஒட்டிக்கொண்டு, மேற்தோலின் வழவழப்பைச் சுரண்டித் தின்பதும் உண்டு. பசி இதனைத் தூண்டுகின்றது. எனினும் ஒருமுறை பழகிய மீனைப் பிரித்து வைப்பதைத் தவிர வேறு வழி அரிது.

பாசியை நீக்குவது மட்டுமே நோக்கம் எனில் 12 செ.மீ. அளவில் நின்றுவிடும் ஆன்சிஸ்ட்ரஸ் இனங்களோ, 4 செ.மீ. அளவேயுள்ள ஓட்டோசிங்க்ளஸோ பொருத்தமானவை.

நீர்நிலைகளில் பரவல்

தொட்டிக்கு அடங்காத மீனைக் கொல்ல மனமின்றி ஏரியிலோ ஆற்றிலோ விடுவோர் உளர். இரக்கத்தால் செய்யப்படும் இச்செயல் அந்நீர்நிலையின் பிற மீன்களுக்குக் கேடாகின்றது. இம்மீன்கள் கரைகளில் ஆழமான வளைகளைத் தோண்டி முட்டையிடுகின்றன. ஆண் மீன் அவற்றைக் காக்கின்றது. கரை அரிப்பும் இதனால் ஏற்படுகின்றது. கவசமும் முட்களும் உள்ளதால் இவற்றை உண்ணும் விலங்குகள் குறைவு. மீனவரின் வலைகளும் கிழிகின்றன.

மெக்சிக்கோவின் இன்பியர்னியோ நீர்த்தேக்கத்தில் 2000-களில் இவை பெருகி, திலாப்பியா மீன்பிடித் தொழிலைப் பெரிதும் பாதித்தன. புளோரிடாவின் ஊற்றுகளில் இவை மானட்டி எனப்படும் கடற்பசுக்களின் உடலில் ஒட்டிக்கொண்டு பாசியை மேய்வது 2009-இல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரையில் விவரிக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களிலும், இலங்கையிலும் இம்மீன்கள் இயற்கை நீர்நிலைகளில் பிடிபட்டுள்ளன. வளர்க்க இயலாத மீனை வாங்கிய கடையிலோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ, மீன் காட்சியகத்திலோ ஒப்படைக்கலாம்; கோயில் குளம், கிணறு உட்பட எந்த நீர்நிலையிலும் விடுதல் கூடாது.